குறைமாதக் குழந்தையின் முதற் பாடம்



குறைமாதத்திலே பிறந்த குழந்தையொன்று வைத்தியசாலையிலே இருக்கும்போது, அதன் பெற்றோர் நாள்தோறும் கேட்கும் வினா ஒன்றுண்டு. “பிள்ளையை எப்போது வீட்டுக்குக் கொண்டுபோகலாம்?” என்பதே அது. வைத்தியர்கள் இதற்குத் திகதி குறித்து விடை கூறுவதில்லை. நான்கு காரியங்கள் கைகூட வேண்டும் என்பார்கள். குழந்தை இடையிடையே மூச்சை நிறுத்தாமல் சீராகச் சுவாசிக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியின் துணையின்றித் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு நாள் நிறை கூட வேண்டும். குழாயின் உதவியின்றித் தனக்கு வேண்டிய பாலை வாயினாலே பருக வேண்டும். இந்நான்கிலும் பெரும்பாலும் இறுதியாகக் கைகூடுவது பால் பருகுதலே. மற்றவை எல்லாம் சீரடைந்த பின்பும், இந்த ஒன்றுக்காகவே பல குழந்தைகள் நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் வைத்தியசாலையிலே தங்குகின்றன.

பால் குடிப்பது பிறவியிலேயே வரும் வித்தையன்றோ, அதனைக் கற்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நிறைமாதக் குழந்தையைப் பொறுத்தவரை அக்கேள்வி பொருந்தும். குறைமாதக் குழந்தைக்கோ அது ஒரு பாடம். அதுவும் அவசரப்படுத்தினால் பின்வாங்கிப் போகும் பாடம். நான் வைத்தியன் அல்லன், பாடசாலை அதிபன். என் பேத்தி 31ஆம் வாரத்திலே பிறந்தபோது, தாதியரிடமும் வைத்தியரிடமும் கேட்டும், நூல்களிலே படித்தும் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

கருவுற்ற காலம் நாற்பது வாரம் என்பது பொதுக் கணக்கு. 37 வாரங்கள் நிறைவுறுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கின்றோம். 2020ஆம் ஆண்டிலே உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பத்துக் குழந்தைகளில் ஒன்று என்பது இதன் பொருள். ஆகவே இது எங்கோ யாருக்கோ நேரும் அபூர்வமான காரியம் அன்று.

பால் பருகுதல் என்னும் செயலைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். உறிஞ்சுதல், விழுங்குதல், சுவாசித்தல் என மூன்று தொழில்கள் அதிலே அடங்கியுள்ளன. உணவு செல்லும் வழியும் மூச்சுச் செல்லும் வழியும் தொண்டையிலே சந்திக்கின்றன. பால் தொண்டையைக் கடக்கும் கணத்திலே மூச்சு நின்று, கடந்தவுடன் மீண்டும் ஓட வேண்டும். நிறைமாதக் குழந்தை ஒரு செக்கனுக்கு ஒரு தடவை என்ற அளவிலே உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டுத் தாளந் தப்பாமல் இதனைச் செய்கின்றது. விழுங்கும் பயிற்சி தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகின்றது. சிசு தன்னைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரை விழுங்கிப் பழகுகின்றது. ஆயினும், மூன்று தொழில்களையும் ஒன்றோடொன்று இசைவித்து நடத்தும் ஆற்றல் 32 முதல் 34 வாரமளவிலேதான் மெல்ல முதிர்கின்றது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சத் தெரிந்திருக்கலாம், விழுங்கவும் தெரிந்திருக்கலாம். மூன்றையும் சேர்த்து நடத்தத் தெரியாது. மூன்று நான்கு முறை உறிஞ்சியதும் களைத்து நின்றுவிடும். அல்லது மூச்சு விட மறந்து நீலம் பாரித்துவிடும்.

இதனாலேதான் அத்தகைய குழந்தைக்கு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, பாலை நேரே இரைப்பைக்கு அனுப்புகின்றார்கள். பாரிஸ் நகரிலே தானியே என்னும் மகப்பேற்று மருத்துவர் 1880களிலே இம்முறையைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கையாண்டு பரப்பினார். அவர் வழிவந்த பூடேன் என்பவர், குழந்தையைப் பராமரிப்பதிலே தாயைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என வற்புறுத்தினார். குழாயைக் கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. அது தோல்வியின் அடையாளமன்று. குழந்தை வளரும்வரை அதன் களைப்பைத் தாங்கும் ஊன்றுகோல் அது.

குழாயிலே பால் செல்லும் அந்நாட்களிலே தாய்க்கு வேலையில்லை என்று எண்ணுவது பெருந்தவறு. அவளுடைய வேலை அன்றே தொடங்குகின்றது. பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே பாலைப் பிழிந்தெடுக்கத் தொடங்கி, இரவையும் சேர்த்து நாளொன்றுக்கு எட்டுத் தடவையாவது எடுத்து வந்தாற்றான் பால் சுரப்பு நிலைக்கும். முதலிலே ஊறும் சீம்பால் சில துளிகளே ஆயினும் விலை மதிப்பற்றது. குறைமாதக் குழந்தையின் குடற்சுவரைத் தாக்கி உயிருக்கே ஆபத்தை விளைக்கும் அழற்சி நோயொன்று உண்டு. தாய்ப்பால் பெறும் குழந்தைகளிடையே அந்நோய் குறைவாகவே காணப்படுகின்றது. துளித்துளியாகப் பாலைச் சேர்க்கும் தாயிடம், “இவ்வளவுதானா?” என்று எவரும் கேட்கலாகாது. சுரக்கும் பாலைத் தடுக்க மனவேதனைக்கு ஆற்றல் உண்டு.

பாடம் தொடங்குமுன் மாணவனுக்குப் பள்ளிக்கூடம் பழகவேண்டும். பால் பருகும் பாடத்திற்குப் பள்ளிக்கூடம் தாயின் மார்பேயாகும். கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவிலே, 1978ஆம் ஆண்டளவிலே, எட்கார் ரே என்னும் வைத்தியர் ஒரு புது வழி கண்டார். வைத்தியசாலையிலே பெட்டிகள் போதாமையால் ஒன்றிலே பல குழந்தைகள் கிடக்க நேர்ந்தது, நோய்கள் தொற்றின. அவர் குழந்தைகளைத் தாய்மாரின் மார்பிலே, தோலோடு தோல் பொருந்த, நிமிர்த்திக் கட்டி வைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையிலே வைத்துக் காப்பது போன்றிருந்தமையால் அதற்குக் கங்காருப் பராமரிப்பு என்று பெயர் வந்தது. வறுமையிலே பிறந்த அம்முறை இன்று செல்வ நாடுகளிலும் பின்பற்றப்படுகின்றது. இந்தியாவிலும் ஆபிரிக்க நாடுகள் நான்கிலும் நடத்தப்பெற்று 2021இலே வெளியான ஆராய்ச்சியொன்றிலே, பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கிய குழந்தைகளிடையே இறப்பு ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது. தாயின் மார்பிலே கிடக்கும் குழந்தை சூட்டைப் பெறுகின்றது. பாலின் மணத்தை அறிகின்றது. தானாகவே முகத்தைத் திருப்பி முலைக்காம்பைத் தேடவும் முற்படுகின்றது. தந்தையும் இவ்வாறு குழந்தையைத் தாங்கலாம்.

இத்துடன் வேறு சிறு பயிற்சிகளும் உண்டு. குழாயிலே பால் இறங்கும் வேளையிலே குழந்தை வெறும் வாயாற் சூப்ப இடமளிக்கின்றார்கள். பால் பிழிந்தெடுக்கப்பட்ட மார்பிலோ, சுத்தமான விரலிலோ, வைத்தியசாலை தரும் சூப்பியிலோ அது சூப்பும். சூப்புவதும் வயிறு நிறைவதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதை அது உணர்கின்றது. இப்படிப் பயிற்சி பெற்ற குழந்தைகள் குழாயிலிருந்து வாய்க்கு விரைவாக மாறுகின்றன என்பது ஆராய்ச்சிகளால் தெரிந்த உண்மை.

மார்பிலே பால் பருகத் தொடங்குவதற்கு 34 வாரம்வரை காத்திருக்க வேண்டுமா? சுவீடன் நாட்டின் உப்சாலா நகரிலே நீக்விஸ்ட் என்னும் தாதியியல் ஆராய்ச்சியாளர் 71 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1999இலே முடிவுகளை வெளியிட்டார். 28ஆம் வாரத்திலேயே சில குழந்தைகள் மார்பைத் தேடிப் பற்றிக்கொண்டன. 31ஆம் வாரம் நிறைவுறுமுன்னரே சில குழந்தைகள் பாலை உறிஞ்சிப் பருகின. 57 குழந்தைகள் முழுமையாகத் தாய்ப்பாலையே பருகும் நிலையை எய்தின. சராசரியாக 36ஆம் வாரத்திலே அந்நிலை வந்தது. அதே வயதுக் குழந்தைகளுக்கிடையிலும் வேறுபாடு மிகுதியாக இருந்தது. நாட்காட்டியைப் பார்த்துப் பாடம் தொடங்கலாகாது, குழந்தையைப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்பதே நாம் கொள்ளவேண்டிய கருத்து.

குழந்தை தன் ஆயத்தத்தை எவ்வாறு தெரிவிக்கும்? கண் விழித்து அமைதியாக இருக்கும், கையை வாய்க்குக் கொண்டு செல்லும், நாவை நீட்டும், உதட்டைத் தொட்டால் வாயைத் திறந்து தேடும். அழுகை கடைசி அறிகுறி. அழுது களைத்த குழந்தையிடம் பருகுவதற்கு வலிமை எஞ்சியிராது. அறிகுறி கண்டதும், தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக அமையும்படி தாங்கி, தாயின் பக்கம் திருப்பி அணைக்க வேண்டும். இதனைத் தாதியார் அருகில் நின்று காட்டித் தருவார். சில உறிஞ்சல்களின் பின் குழந்தை நிறுத்தும். அது சோம்பலன்று, மூச்சு எடுத்துக்கொள்ளும் ஓய்வு. அப்போது தாடையை அசைப்பதும், காலைச் சுண்டுவதும், முலையை வாயினுட் திணிப்பதும் கூடா. பொறுத்திருந்தால் தானே மீண்டும் தொடங்கும்.

நெற்றி சுருங்குதல், விரல்கள் விரிந்து விறைத்தல், வாயோரம் பால் வழிதல், விக்கல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியன “போதும்” என்பதற்குக் குழந்தை காட்டும் சைகைகள். நிறம் மாறுதல், மூச்சு நிற்றல், இருமித் திணறுதல் ஆகியன ஆபத்தின் அறிகுறிகள். உடனே பாலை நிறுத்தித் தாதியை அழைக்க வேண்டும். வற்புறுத்திப் பருக்கினால் பால் சுவாசப்பைக்குட் செல்லக்கூடும். அவ்வாறு நேராவிடினும், உண்ணுதல் அச்சம் தரும் காரியம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். தண்டனைக்குப் பயந்து படித்த மாணவன் புத்தகத்தை வெறுப்பதை நாம் கண்டதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

போத்தலிலே பருகுவது எளிது, மார்பிலே பருகுவது கடினம் என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. சிக்காகோவைச் சேர்ந்த போலா மையர் 1988இலே வெளியிட்ட ஆராய்ச்சியிலே, குறைமாதக் குழந்தைகளின் இரத்தத்திலுள்ள ஒட்சிசன் அளவு, போத்தலிலே பருகும்போது இருந்ததைவிட மார்பிலே பருகும்போது சீராக இருந்தமை காணப்பட்டது. போத்தலிலிருந்து பால் தன் வேகத்திலே ஓடிவரும். மார்பிலோ குழந்தையே வேகத்தை ஆள்கின்றது. தாய் அருகில்லாத வேளைகளிலே சிறு கோப்பையாலும் பால் கொடுப்பதுண்டு. தமிழர் வீடுகளிலே பழங்காலந்தொட்டு வழங்கிய பாலாடை, இன்று இந்திய வைத்தியசாலைகளிலே குறைமாதக் குழந்தைகளுக்குப் பயன்படுகின்றது. ஆனால் கோப்பை வாயினுள் ஊற்றும் கருவியன்று; குழந்தை தானே நக்கியும் உறிஞ்சியும் எடுக்க வேண்டும். தாதியர் கற்பித்த பின்னரே இவற்றைக் கையாளலாம்.

அளவு பற்றியும் ஒரு சொல். முழு அளவு பால் பெறும் குறைமாதக் குழந்தைக்கு, நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 160 மில்லிலீற்றர் அளவிலே கொடுப்பது வழக்கம். 1,500 கிராம் நிறையுள்ள குழந்தைக்கு அது 240 மில்லிலீற்றர். எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 30 மில்லிலீற்றர். ஆறு தேக்கரண்டி! அதனை உறிஞ்சி முடிப்பதற்கு அச்சிறு உடல் செலவிடும் உழைப்பை எண்ணிப் பாருங்கள். முதல் நாளிலே ஒரு தேக்கரண்டியே வாயாற் சென்று, எஞ்சியது குழாயிலே செல்லலாம். இன்று நன்றாகப் பருகிய குழந்தை நாளைக்குத் தூங்கிவிடலாம். ஒரு வேளை, இரண்டு வேளை என்று வாய்வழிப் பங்கு கூடக் கூடக் குழாயின் பங்கு குறையும். சரியான அளவையும் வேகத்தையும் குழந்தையின் நிலைக்கேற்ப வைத்தியரே தீர்மானிப்பார். “எத்தனை மில்லி குடித்தது?” என்று மட்டும் கேட்காமல், “எவ்வாறு குடித்தது?” என்று கேட்கப் பழகுதல் நன்று.

வீட்டுக்குச் செல்லும் நாள் வந்தாலும் பாடம் முற்றுப்பெறுவதில்லை. சிறு குழந்தை பசித்தும் எழாமல் உறங்கிவிடக்கூடும். ஆகையால் வைத்தியசாலையிலே குறித்துக்கொடுத்த நேரத்துக்கு எழுப்பிப் பாலூட்ட வேண்டும். சிறுநீர் கழிப்பதையும் நிறை கூடுவதையும் கவனித்து வருதலும், இரும்புச்சத்து, விற்றமின் துளிகளை வைத்தியர் கூறியபடி கொடுத்தலும் அவசியம். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் ஐயங்களைத் தயங்காது கேளுங்கள். பருக மறுத்தாலோ, எழுப்ப முடியாது சோர்ந்தாலோ, உடல் குளிர்ந்தாலோ, மூச்சுத் திணறினாலோ விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். அன்பின் மிகுதியாலே தேனோ சீனித்தண்ணீரோ நாவிலே தடவ வேண்டாம். அது தீமை விளைக்கும். உங்கள் அநுபவத்தை வேறு வழியிலே தாருங்கள். சமையலை நீங்கள் ஏற்றுக்கொண்டால், மகள் குழந்தையை மார்பிலே தாங்கி இருக்கலாம். வருவோர் போவோரை வாயிலிலேயே உபசரித்து அனுப்பினால், பிள்ளைக்கு நோய் தொற்றாது. அண்டை வீட்டுக் குழந்தையின் நிறையோடு இக்குழந்தையின் நிறையை ஒப்பிடாதிருந்தால், தாயின் நெஞ்சு அமைதியுறும்.

நேயர்களே, முப்பது மாணவர் உள்ள வகுப்பிலே ஒரே நாளிலே முப்பது பேரும் எழுத்துக் கற்பதில்லை. பிந்திக் கற்றவன் மூடனுமல்லன். குறைமாதக் குழந்தை தனக்குரிய நாளிலே தன் பாடத்தைக் கற்றுக்கொள்ளும். சூடான மார்பும், போதிய பாலும், சைகையை வாசிக்கத் தெரிந்த கண்ணும், அவசரப்படாத மனமும் அதற்கு வேண்டியவை. அவற்றை அளிப்பது பெற்றோரின் கடமை. அவர்களுக்கு அதற்கான அவகாசத்தை அளிப்பது சுற்றத்தாராகிய நமது கடமை.