திமிங்கிலமும் கூனியும்: ஒரு கடற்கணக்கு

நம் கடல்களில் உலவும் நீலத் திமிங்கிலத்துக்கு 1859இல் ‘இண்டிகா’ என்று பெயரிட்டவர், இதே கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியின் காட்சிசாலைக் காப்பாளர் எட்வர்ட் பிளைத். அவர் கையில் இருந்தவை வெறும் எலும்புகளே. அது எதைத் தின்று பிழைக்கிறது என்று எலும்பு சொல்லுமா? கப்பலேறிப் போய்த்தான் பார்க்கணும்.

அப்படித்தான் 1925இல் ‘டிஸ்கவரி’ என்ற இங்கிலாந்துக் கப்பல் தென்துருவக் கடலுக்குப் புறப்பட்டது. அங்கே திமிங்கிலத்தின் சோறு, ‘கிரில்’ எனும் இரண்டங்குலக் கூனி. அது பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும். வலை போடுகிறவனுக்கு ராத்தூக்கம் ஏது?

1995-96இல் நமது ‘சாகர் சம்பதா’வும் கிரில் தேடிப் போயிற்று. பிடித்த சில மணி நேரத்தில் சரக்கு கெட்டுவிடும். ஓட்டிலோ ஃபுளோரைடு அதிகம். ஆகவே கப்பலிலேயே சுடச்சுடப் பக்குவம் செய்தாக வேண்டும்.

நான் வியாபாரி, கணக்குப் பார்த்தேன். 20ஆம் நூற்றாண்டில் தென்கோளத்தில் மட்டும் ஏறக்குறைய இருபது லட்சம் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். தின்கிறவன் போனால் கிரில் பெருகணுமே? எதிர்பார்த்தபடி பெருகவில்லை. திமிங்கிலக் கழிவிலுள்ள இரும்புச்சத்துதான் கிரில் மேயும் நுண்பாசிக்கு உரம் என்று ஆய்வாளர்கள் காரணம் சொல்கிறார்கள்.

அன்பர்களே, செலவு என்று நாம் எழுதியது வரவாக இருந்திருக்கிறது!