சருமமும் சிகிச்சையும் – 7: வெளிறிய திட்டு

மற்ற வைத்தியர்கள் மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் மறைந்துகிடக்கும் வியாதியை யூகித்து அலைய வேண்டியிருக்க, சரும வைத்தியருக்கோ வியாதி வெளியிலேயே தெரிந்துவிடுவதால் வேலை சுலபம் என்றோர் அபிப்பிராயம் ஜனங்களிடையே வெகுகாலமாக உண்டு. சென்ற வாரம் கண்ட சிரங்கின் விஷயத்தில் அது ஓரளவு மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் முதுகிலோ கையிலோ வெளிறிய திட்டு ஒன்றோடு ஒருவர் வந்து நிற்கும்போது, கண்ணுக்குத் தெரிவது வேறு, தெரிந்ததன் பொருள் வேறு என்பது விளங்கும். ஏனெனில் அத்திட்டு அற்பமான தேமலாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்தின்றி மனத்தை மட்டும் வாட்டும் வெண்புள்ளியாக இருக்கலாம், கவனியாது விட்டால் கைகால்களை ஊனமாக்கும் தொழுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம்.

நல்ல வைத்தியர் நோயாளியை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, அவர் காட்டிய இடத்தோடு நின்றுவிடாமல் உடம்பு முழுவதையும் பார்த்த பின்பே, கண்ணாடிச் சில்லின் விளிம்பால் திட்டை இலேசாகச் சுரண்டுவார். தவிடு போன்ற மெல்லிய செதில் உதிர்ந்தால் தேமல் என்ற சந்தேகம் வலுக்கும். அச்செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மலசீசியா என்னும் பூஞ்சை குட்டை இழைகளாகவும் உருண்டை அணுக்களின் கொத்தாகவும் புலப்படும். நம் எல்லோருடைய சருமத்திலும் சாதுவாக வாசம் செய்யும் இது, உஷ்ணமும் வியர்வையும் மிகுந்த இடத்தில் பெருகி, நிறம் உண்டாவதைத் தடுக்கிறது. கீட்டோகொனசோல் முதலிய மருந்துகளால் பூஞ்சை சில வாரங்களில் ஒழிந்தாலும், இழந்த வர்ணம் திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காத வைத்தியரிடம் நோயாளி நம்பிக்கை இழந்து வேறு வைத்தியரைத் தேடிப் போவதும் இதனால்தான்.

செதில் இல்லாமல், நிறம் முற்றிலும் அற்று, எல்லை துலக்கமாகத் தெரியும் திட்டாயின், அறையை இருட்டாக்கிப் புற ஊதாக் கதிர் விளக்கு ஒன்றை அதன்மேல் காட்டுவார்கள். பால்டிமோர் நகரத்துப் பௌதிகப் பேராசிரியர் ராபர்ட் வுட் 1903இல் உருவாக்கிய வடிகட்டியை ஆதாரமாகக் கொண்ட அவ்விளக்கின் ஒளியில் வெண்புள்ளி சுண்ணாம்பு வெண்மையாகப் பிரகாசிக்கும். சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே தன் நிற அணுக்களைப் பகைத்து அழிப்பதால் நேரும் இது ஒருபோதும் தொற்றுவதில்லை. தைராய்டு கோளாறு சிலருக்கு இதனோடு சேர்ந்து வருவதால், வைத்தியர் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வதுண்டு. 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்களை வாரத்திற்கு இரண்டு மூன்று முறை அளவோடு செலுத்தும் சிகிச்சையில், ரோமக் கால்களில் எஞ்சியுள்ள நிற அணுக்கள் விழித்தெழுந்து, புள்ளி புள்ளியாக வர்ணம் திரும்புவதைப் பலரிடம் காணலாம்.

வெளிறியும் முற்றிலும் வெளுக்காத திட்டாயின், நோயாளியைக் கண்மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் அங்கே தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார். காட்ட முடியாவிட்டால் தொழுநோயின் பிரதான லட்சணம் கண்டாயிற்று. உடனே முழங்கையின் உட்புறத்திலும், காதின் கீழ்க் கழுத்திலும் நரம்புகளைத் தடவி, அவை தடித்திருக்கின்றனவா என்று பார்ப்பார். நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் 1873இல் ஹான்சன் கண்டுபிடித்த கிருமியைக் காது மடலில் சிறு கீறலிட்டு எடுக்கும் திரவத்தில் தேடுவதுண்டாயினும், ஆரம்ப நிலையில் அது அகப்படாமலே போகக்கூடும். அப்பொழுது ஸ்பரிசமே பிரமாணம். அக்கிருமி ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ 2 வாரம் பிடிப்பதால், தொற்றிய பின் வியாதி தலைகாட்ட 5 வருஷமும் ஆகலாம், 20 வருஷமும் ஆகலாம்.

இவ்வியாதியின் சரித்திரத்தில் நம் செங்கற்பட்டுக்கும் இடமுண்டு. 1941இல் அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரியில் சல்போன் வகை மருந்து முதன்முதலாகப் பலன் தந்ததையடுத்து, அவ்வகையின் மூலப் பொருளான டாப்சோனை அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் செங்கற்பட்டில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடி டாக்டர் ராபர்ட் காக்ரேன். அவர் பணியாற்றிய லேடி வில்லிங்டன் சானடோரியத்தை 1955இல் மத்திய சர்க்கார் ஏற்று, தொழுநோய்ப் போதனைக்கும் ஆராய்ச்சிக்குமான நிலையமாக்கிற்று. தனித்த டாப்சோனுக்குக் கிருமி பணிய மறுத்தபோது, உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 1981இல் ரிஃபாம்பிசினையும் குளோஃபாசிமினையும் சேர்த்த கூட்டு மருந்தைச் சிபாரிசு செய்தது. 6 மாதமோ ஒரு வருஷமோ அதை ஒழுங்காக உண்டால் வியாதி குணமாகும். உண்ணத் தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் சக்தியும் போய்விடும். ஆனால் முன்பே மாண்ட நரம்பை எந்த ஔஷதமும் மீட்பதில்லை. ஆகவே இங்கே காலதாமதத்திற்கு விலையாகப் போவது ஒரு கையோ காலோதான்.

அத்தாமதத்திற்கு வெட்கம் பாதிக் காரணமென்றால், மறுபாதி மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கும் களிம்பு. ஸ்டீராய்டு கலந்த களிம்பு செதிலையும் சிவப்பையும் அடக்கிவிடுவதோடு, தானே சருமத்தை வெளுக்கவும் வைப்பதால், வைத்தியர் வாசிக்க வேண்டிய அடையாளங்கள் அவர் பார்ப்பதற்கு முன்பே கலைந்துவிடுகின்றன. அதே களிம்பு படர்தாமரையை எப்படி வளர்த்துவிடுகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)