500 மீற்றர் விலக்கி விட்ட புஷ்பக்

கண்டியிலிருந்து பதினெட்டு வளைவுகளில் இறங்கி மஹியங்கனைப் பக்கம் போனால் வேரகந்தொட்ட வரும். ராவணனின் விமானம் தரைதொட்ட இடம் அதுதான் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்த விமானத்தின் பெயரைத் தாங்கிய ‘புஷ்பக்’ இன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவிடம் இருக்கிறது. விண்வெளிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் பயன்படப்போகும் கலத்தின் சிறிய வடிவம் அது.

2024 ஜூன் 23 காலை, கர்நாடகத்தின் சித்திரதுர்காவில் ஒரு சினூக் ஹெலிகொப்டர் அதை 4.5 கிலோமீற்றர் உயரத்தில் விடுவித்தது. ஓடுபாதை இன்னும் 4.5 கிலோமீற்றர் தள்ளி இருந்தது. அதுவும் நேரே அல்ல. வேண்டுமென்றே 500 மீற்றர் பக்கவாட்டில் விலக்கி விட்டார்கள். இயந்திர உந்துதல் இல்லாமல் மிதந்து வரும் கலம், தவறினால் இன்னொரு சுற்று வர முடியாது. புஷ்பக் தானாகவே திரும்பி, மணிக்கு 320 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறங்கியது.

இறங்கிவிட்டதாலேயே வழிகாட்டும் கருவிகள் எல்லாம் சரி என்றாகாது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கலாம். உண்மையான பரீட்சை அதன் பிறகுதான் தொடங்குகிறது: ஒவ்வொரு கணத்திலும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கலம் கணித்த இடத்தை, தரையிலிருந்து தனியாக அளந்த இடத்தோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். கலமே தன் கணிப்பில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று கருதியது? இரண்டு மீற்றர்தான் என்று நம்பிக்கொண்டு பத்து மீற்றர் விலகியிருந்தால், அந்த வீண் நம்பிக்கையே பெரிய ஆபத்து. தன் பிழையை உணராத கலம் அதைத் திருத்த முயலாது.

இப்படிப் பிழை சேர ஒரு காரணம் உண்டு. கலத்தின் முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் நிலைம உணரிகள் வெளியுலகைப் பார்ப்பதில்லை. முடுக்க அளவீட்டில் செக்கன் வர்க்கத்துக்கு 0.001 மீற்றர் என்ற நிலையான பிழை இருந்தால், 100 செக்கனில் இடக்கணிப்பு 5 மீற்றர் விலகும். 1,000 செக்கனில் 500 மீற்றர். நேரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்கு! அதனால்தான் புஷ்பக்கில் இந்தியாவின் நாவிக் வழிகாட்டல் செய்மதிகளின் சமிக்ஞை, உயரம் அளக்கும் ரேடார், காற்றழுத்த உணரிகள், செய்மதிபோலத் தரையிலிருந்தே சமிக்ஞை தரும் நிலையங்கள் எல்லாம் ஒன்றையொன்று சரிபார்த்தன.

அடுத்த இலக்கு, சுற்றுப்பாதையிலிருந்து திரும்புவது. வளிமண்டலத்துக்குள் பாயும் கலத்தைச் சூழும் மின்னேற்ற வாயு வானொலி அலைகளைச் சிறிது நேரம் தடுத்துவிடும். அப்போது செய்மதியும் இல்லை, தரை நிலையமும் இல்லை. நிலைம உணரிகள் மட்டுமே துணை. அந்த 0.001-ஐ இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் அங்கே கணக்கு.