பானெட்டைத் திறந்து தண்ணீர் அடிக்கலாமா?

வாட்டர் சர்வீஸ் கடைகளில் காரை ஏற்றி நிறுத்தியதும் தவறாமல் வரும் கேள்வி இது: "இன்ஜினுக்கும் அடிச்சு விட்டுடலாமாண்ணே?" உரிமையாளர் தலையாட்டிய மறு நிமிடம் பானெட் தூக்கப்படும். டீசலோ மண்ணெண்ணெயோ பனிபோலத் தெளிக்கப்படும். அதன்மேல் சோப்பு நுரை, அதற்கும் மேல் துப்பாக்கிக் குழாயிலிருந்து சீறி வரும் தண்ணீர். கால் மணி நேரத்தில், கரியும் பிசுக்குமாக இருந்த இன்ஜின் ஷோரூமில் பார்த்ததுபோல் நிற்கும். பெரும்பாலான வண்டிகள் எந்த வம்பும் செய்யாமல் ஸ்டார்ட் ஆகிப் போய்விடுகின்றன. சில மட்டும் கடை வாசலைத் தாண்டும் முன்பே குலுங்கும். வேறு சில, பத்துப் பதினைந்து நாள் கழித்து டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கை எரியவிடும். அதற்குள் தண்ணீர் அடித்ததே உரிமையாளருக்கு மறந்துபோயிருக்கும்.

"மழையில் ஓடாத வண்டியா? அதற்குத் தாங்குவது இதற்குத் தாங்காதா?" என்று கடைக்காரர் கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மழைத்துளி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விநாடிக்கு 9 மீட்டர் வேகத்துக்கு மேல் விழுவது அரிது. மணிக்கு 30 கிலோமீட்டர் சொச்சம்தான். 100 பார் அழுத்தத்தில் பீய்ச்சப்படும் தண்ணீர் குழாய் முனையை விட்டு வெளியேறும்போது, கணக்குப்படி விநாடிக்கு 140 மீட்டரைத் தொடும். மணிக்கு 500 கிலோமீட்டர்! கார் டயரில் இருக்கும் காற்றழுத்தமே 2 பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் 100 பார் என்பதன் முரட்டுத்தனம் புரியும். தவிர, மழை மேலிருந்து வரும். சாலைத் தண்ணீர் கீழிருந்து தெறிக்கும். இன்ஜின் அறையை வடிவமைப்பவர்கள் இந்த இரண்டு திசைகளையும் மனதில் வைத்தே மூடிகளையும் விளிம்புகளையும் அமைக்கிறார்கள். துப்பாக்கிக்குத் திசையே கிடையாது. பிடித்திருப்பவர் கை எங்கே திரும்புகிறதோ அங்கே பாயும்.

ஒரு பாகம் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐபி என்று தொடங்கும் குறியீடு இருக்கிறது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி67 என்றால் தூசி புகாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடுதல் வரும் அளவுக்கு ஈரம் இறங்காது. தினமும் பீய்ச்சியடித்துக் கழுவ வேண்டிய கனரக வண்டிகளுக்கு இது போதாது என்று ஜெர்மானியர்கள் ஐபி69கே என்ற தனிச் சோதனையை வகுத்தார்கள். 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் தொலைவில் நின்று, நான்கு கோணங்களில், ஒவ்வொரு கோணத்திலும் 30 விநாடி அடித்துப் பார்ப்பார்கள். இதைத் தாங்கிய பாகம் வாட்டர் சர்வீஸையும் தாங்கும்.

சிக்கல் என்னவென்றால், பானெட்டுக்குள் இருக்கும் எல்லாமே இந்தப் பரீட்சையை எழுதியவை அல்ல. ஆல்டர்னேட்டருக்குக் காற்று வாங்க வேண்டும். அதனால் அதன் உடலெங்கும் இடுக்குகள். ஏர் ஃபில்டரின் வாய் திறந்தே இருக்கும். மேலும், சோதனையில் தேறியது புத்தம்புது கனெக்டர். பத்து வருடம் இன்ஜின் சூட்டில் வெந்து ரப்பர் இறுகிப்போனதும், யாரோ ஒரு மெக்கானிக் அவசரத்தில் கிளிப்பை உடைத்துவிட்டதுமான கனெக்டருக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.

நன்றாக மூடப்பட்ட பெட்டிக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. இன்ஜினின் மூளையான இசியு, சென்சார்கள், ஹெட்லைட் எல்லாமே காற்று அடைபட்ட பெட்டிகள்தான். நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியில் அந்தப் பெட்டிக் காற்று 80 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் தண்ணீரைக் கொட்டி 30 டிகிரிக்கு இறக்கினால் உள்ளழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். சூடான சாதத்தை டிபன் பாக்ஸில் அடைத்து மூடினால் மதியம் மூடியைத் திறக்கவே முடியாமல் போகிறதே, அதே வேலை. 14 சதவீதம் என்பது பார்க்கச் சின்ன எண். தண்ணீர்க் கணக்கில் சொன்னால், அந்தப் பெட்டியை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அமுக்கியதற்குச் சமம். ஐபி67 உத்தரவாதம் தருவதோ ஒரு மீட்டர் ஆழத்துக்கு! அந்தச் சோதனையின் சர்வதேச விதியில், பொருளுக்கும் தண்ணீருக்கும் இடையே வெப்ப வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்றே ஒரு நிபந்தனை உண்டு. வாட்டர் சர்வீஸ் கடையில் அந்த நிபந்தனையை யார் பார்க்கிறார்கள்? சூடான இன்ஜினில் தண்ணீர் அடிக்காதே என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இரும்பு விரிசல் விடும் என்ற பயத்தில்தான். அது அவ்வளவு எளிதில் நடந்துவிடாது. பெட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதுதான் அதைவிட அடிக்கடி நடக்கும் தொல்லை.

இதற்கு மாற்றாகப் பொறியாளர்கள் கண்ட வழி, பெட்டியை முற்றிலும் அடைத்துவிடாமல், மூச்சு விட ஒரு சிறு வாசல் வைப்பது. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் கம்பிகளைச் சூடாக்கி மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே இருந்தது. வெறுத்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அது அறாமல் பல மடங்கு நீண்டது. அப்படிப் பிறந்த நுண்துளைச் சவ்வு காற்றையும் நீராவியையும் விடும், தண்ணீர்த் துளியை விடாது. மழைக்கோட்டுத் துணியாகப் பெயர் பெற்ற அதே சவ்வு இன்று பல கார்களின் இசியு பெட்டியிலும் ஹெட்லைட்டிலும் சிறு வட்டமாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதை அழுக்கு என்று நினைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலும், அதன்மேல் எண்ணெய்ச் சோப்பை ஊற வைத்தாலும் சவ்வின் குணம் போய்விடும். சோப்பு ஊறிய துளைக்குத் தண்ணீரைத் தடுக்கும் சக்தி இருக்காது.

கடை வாசலிலேயே குலுங்கும் வண்டிக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் ஸ்பார்க் பிளக்குகள் சிலிண்டர் ஹெட்டின் நடுவே ஆழமான குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். குழியை மூடியபடி இக்னிஷன் காயில். பீய்ச்சிய தண்ணீர் அந்த ரப்பர் விளிம்பைத் தள்ளிவிட்டு இறங்கினால் திரும்பி வர வழியில்லை. காயிலிலிருந்து பிளக்குக்குப் போவது 20,000 வோல்ட்டுக்கும் மேலான மின்சாரம். அழுக்குத் தண்ணீர் அதற்குக் குறுக்கு வழி போட்டுக் கொடுத்தால், பொறி பிளக் முனைக்குப் போகாமல் குழிச் சுவருக்கே பாய்ந்துவிடும். "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்கிறார்களே, அது இதுதான். அப்படியே ஓட்டிக்கொண்டு போவது இன்னும் மோசம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டையே உருக்கிவிடக்கூடும். தண்ணீர் செய்த வினை, கடைசியில் பல ஆயிரம் ரூபாய்ச் செலவாக உரிமையாளர் தலையில் விடியும்.

தண்ணீர் ஒரு பக்கம் என்றால், அதற்கு முன் தெளிக்கப்படும் டீசல் இன்னொரு பக்கம். எண்ணெயை எண்ணெய் கரைக்கும் என்பதால் பிசுக்கு உடனே வழிந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் டீசலுக்கு எது பிசுக்கு, எது ரப்பர் என்று தெரியாது. ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற ரப்பரில் செய்யப்படுகிறது. சூட்டையும் கூலன்ட்டையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும் ரப்பர் அது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மட்டும் அதை உறிஞ்சி உப்பி, மெத்தென்று ஆகிவிடும். பெட்ரோல், ஆயில் குழாய்களுக்கு வேறு வகை ரப்பரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம். ஒரு முறை தெளிப்பதால் ஹோஸ் வெடித்துவிடாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் தெளித்தால் அதன் ஆயுள் குறைவதை யாரும் கவனிக்கப் போவதில்லை. தீ அபாயத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை: டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 200 டிகிரி சொச்சம், ஓடி வந்த இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதைவிட வெகு சூடு.

சில கடைகள் டீசலுக்குப் பதில் சலவைச் சோடா கலந்த கரைசலையோ காஸ்டிக் சோடா உள்ள கிளீனரையோ அடிக்கின்றன. இன்ஜினில் உள்ள அலுமினியத்தைக் காற்றிலிருந்து காப்பது அதன்மேல் தானாகப் படியும் ஆக்சைடு ஏடு. சில நானோமீட்டர் தடிமன்தான். பி.எச். 4-க்கும் 9-க்கும் இடைப்பட்ட பகுதியில் அந்த ஏடு உறுதியாக இருக்கும். கடுங்காரம் பட்டால் கரையும்; அடியில் உள்ள உலோகமும் ஹைட்ரஜனை வெளியேற்றியபடி கூடவே கரையும். கழுவிய மறுநாள் இன்ஜின் மேல் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்திருந்தால் அது சோப்புக் கறை இல்லை. உலோகம் அரிபட்ட தடம், துடைத்தால் போகாது.

இத்தனை வம்பு என்றால் கழுவாமலே விட்டுவிடலாமே? விடலாம்தான். இன்ஜின் அறையைக் கழுவினால் மைலேஜ் கூடும் என்பது வெறும் பேச்சு. விமான இன்ஜின்களுக்குள் தண்ணீர் விட்டுக் கழுவுவதால் எரிபொருள் மிச்சமாவது உண்மை. அங்கே அழுக்கு படிவது காற்றை அழுத்தும் பிளேடுகளின் மேலேயே. காரில் நாம் கழுவுவது இன்ஜினின் வெளித்தோலை மட்டும்.

ஆனாலும் சுத்தத்துக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. முதலாவது உப்பு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு வரும் உப்பு தூசியோடு சேர்ந்து படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகவே தாண்டும். ஷெட்டில் நிற்கும் கார்கூட மழையே இல்லாமல் உப்புத் தண்ணீரில் நனைகிறது என்று பொருள். பேட்டரி முனை, எர்த் போல்ட், கனெக்டர் பின் எல்லாம் அரிப்பது அப்படித்தான்.

வேப்பிலையும் தூங்குமூஞ்சி மரத்துச் சருகும் இன்னொரு தலைவலி. மரத்தடியில் நிற்கும் காரில் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் அவை இறங்கி, மழைத்தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடும். அடுத்த மழையில் தண்ணீர் ஏசி புளோயர் வழியாகக் காலடிக் கம்பளத்துக்கு வரும்; உரிமையாளர் கதவு ரப்பரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார். சருகு எலிக்கும் மெத்தை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை. எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு வயர் வாகாக அமைந்துவிடுகிறது. போன வழியை எலி தன் மூத்திர வாசனையால் அடையாளம் வைப்பதால், சருகை அள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்பு போட்டுத் துடைப்பதில் பயன் உண்டு. ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் ஏற்றிய டேப் ஒன்றையே வயருக்குச் சுற்ற விற்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான பயன், ஒழுகலைக் கண்டுபிடிப்பது. பிசுக்குக்கும் நிறம் உண்டு. டேப்பட் கவருக்குக் கீழே ஈரமான கறுப்புத் தடம் என்றால் கேஸ்கெட் விட்டிருக்கிறது. ஹோஸ் மூட்டில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ காய்ந்த பொருக்கு என்றால் கூலன்ட். பேட்டரி முனையில் நீலம் கலந்த வெள்ளைப் பூப்பு என்றால் அமில ஆவி செம்பைத் தின்றிருக்கிறது. ஆப்ப சோடா கரைசல் அதைப் பொங்கிக் கரைத்துவிடும். ஆகவே கழுவுவதற்கு முன் செல்போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கழுவிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால், புதுக் கறை எங்கிருந்து கிளம்புகிறது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போனவர், பழைய வண்டியின் இன்ஜின் மட்டும் மினுமினுத்தால் கொஞ்சம் தயங்க வேண்டியதும் இதனால்தான். சாட்சியத்தைக் கழுவி, மேலே சிலிகோன் ஸ்பிரே அடித்திருக்கலாம். அந்த ஸ்பிரேயின் ஆவியை இன்ஜின் உறிஞ்சினால், சிலிகோன் எரிந்து மணலின் மூலப்பொருளான சிலிக்காவாகி ஆக்சிஜன் சென்சாரின் மேல் படியும் என்பது அதற்கு மேல் ஒரு கொசுறு நஷ்டம்.

பொறுமையாகச் செய்கிறவர்கள் தண்ணீரைக் கடைசியில்தான் தொடுகிறார்கள். கை வைத்தால் சுடாத அளவுக்கு இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, சருகையும் காய்ந்த தூசியையும் பிரஷ்ஷாலும் புளோயராலும் அகற்றுகிறார்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஏர் ஃபில்டர் வாய், காயில்கள் ஆகியவற்றுக்குப் பாலிதீன் உறை. பிறகு தண்ணீர் கலந்த மிதமான கிளீனரைத் தெளித்து, காயவிடாமல் சில நிமிடம் ஊற வைக்கிறார்கள். அந்தச் சில நிமிடம்தான் உண்மையான வேலை நடக்கும் நேரம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும், மறுமுனை தண்ணீரைப் பற்றும். பிசுக்கு துளித்துளியாக உடைந்து கழன்று வரும். அது கழன்ற பின் 100 பார் எதற்கு? தோட்டத்துக் குழாயின் மெல்லிய சாரலோ நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியோ போதும். ரேடியேட்டரின் தகடுகளுக்கு மட்டும் தனி மரியாதை: காகிதம்போல் மெல்லியவை, அழுத்தம் பட்டால் மடங்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லத் தண்ணீர் விட்டால் பூச்சியும் மண்ணும் வந்த வழியே வெளியேறும். கடைசியில் புளோயரால் இடுக்குகளை உலர்த்தி, பானெட்டைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் மிச்ச ஈரம் ஆவியாகிவிடும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களின் பானெட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் தெரியும். உயர் மின்னழுத்தத்துக்கு உலகமெங்கும் அந்த நிறம்தான். பேட்டரியிலிருந்து அதில் ஓடுவது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான வோல்ட். அந்தக் கனெக்டர்கள் உறுதியாகவே மூடப்பட்டவை என்றாலும், துப்பாக்கியைப் பிடிக்கும் கைக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. முழு மின்சாரக் காரில் ஒழுகும் இன்ஜின் ஆயிலும் கிடையாது, எனவே பிசுக்கும் கிடையாது. படிவது தூசி, அதற்குப் புளோயரும் ஈரத்துணியும் தாராளம்.