மென்குரலுக்கும் செவி கொடுங்கள்

பாட்டு என்றால் பத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. தொண்டை திறந்து, உச்சத்தில் ஏறி நின்று ஒருவர் பாடினால், "அடடா, என்ன சாரீரம்!" என்று தலையாட்டுகிறோம். அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல் அடக்கமாக ஒருவர் பாடினாலோ, "குரலில் வலுவில்லை" என்று தள்ளிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு சரிதானா? அன்பு வாசகர்களே, இன்று இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

உரத்த குரலின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. டி.எம்.சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடிய பக்திப் பாடல்கள் ஒலிக்காமல் தோட்டத்துத் திருவிழா ஏது? கூட்டத்தைக் கூட்டவும், சோர்ந்தவனை நிமிர்த்தவும் அந்தக் கம்பீரம் வேண்டும். ஆனால் வேலை முடிந்து, குளித்து, ஒரு கோப்பைத் தேநீரோடு வாசற்படியில் உட்காருகிறோமே, அந்த நேரத்துக்கு ஏற்றது வேறொரு குரல். அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ஒலிவாங்கி தந்த வரம்

நம் முன்னோர் உரத்த குரலை விரும்பியதற்குக் காரணம் உண்டு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும். எட்டாத குரலுக்கு மேடையில் இடமில்லை. 1933இல் 27 வயதிலேயே மறைந்துவிட்ட எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரலுக்கு அவ்வளவு பெயர் கிடைத்ததற்கு, அதன் எட்டும் ஆற்றலும் ஒரு காரணம். இசைத்தட்டிலும் அப்படித்தான். 1925க்கு முன்பு, பாடுவோர் ஒரு பெரிய குழாயின் வாயருகே நின்று பாடுவார்கள். குரலின் வேகமே ஊசியை அசைத்துத் தட்டில் கோடு கீற வேண்டும். சின்னக் குரல் அதில் சரியாகப் பதியாது.

1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. ஒலிவாங்கி, அதாவது நாம் மைக் என்று சொல்வது, மெல்லிய ஓசையையும் பிடித்தது. 1931இல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. தொடக்கத்தில் நடிகர்களே பாடினார்கள். பிறகு பின்னணிப் பாடகர்கள் வந்தார்கள். மூடிய அறைக்குள் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறவர், கடைசி வரிசைக்காரனை நினைத்துக் கத்த வேண்டியதில்லை. ஒரே ஒருவர் எதிரில் இருப்பதாக எண்ணிப் பாடலாம். அந்த ஒருவர் நீங்களாகவோ நானாகவோ இருக்கலாம்.

இருவரைக் கேளுங்கள்

இந்த வரத்தை நன்றாகப் பயன்படுத்தியவர்களில் ஏ.எம்.ராஜா முன்னணியில் நிற்பவர். 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனுக்காக அவர் பாடியதைக் கேட்டவர்கள், அந்த நிலாவொளி போன்ற குரலை மறந்திருக்க மாட்டார்கள். வாள் வீசும் நாயகனான எம்.ஜி.ஆருக்கும், 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் காதல் பாட்டு என்று வந்தபோது, ராஜாவின் மென்குரல் அழகாகப் பொருந்தியது.

1959இல் ஸ்ரீதர் இயக்கிய 'கல்யாணப் பரிசு'க்கு ராஜாவே இசையமைத்தார். பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியவை. அதில் ஒரே மெட்டு இரு முறை வருகிறது. ஒரு முறை பி.சுசீலா தீபாவளி மகிழ்ச்சியோடு பாடுகிறார். இன்னொரு முறை ராஜா துயரத்தோடு பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ராஜா விம்மவில்லை, அழுது காட்டவில்லை. குரலைச் சற்றே தாழ்த்துகிறார், அவ்வளவுதான். அழுகையை அவர் அடக்கிக்கொள்வதால், அது நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது.

மற்றவர் பி.பி.ஸ்ரீநிவாஸ். தமிழில் ஜெமினி கணேசனுக்கும் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் நெடுங்காலம் குரல் கொடுத்தவர். அவர் பாட்டைப் பற்றிக் கவிஞர் வாலி பலமுறை சொல்லி வந்த செய்தி ஒன்று உண்டு. சென்னையில் வாய்ப்புத் தேடி அலைந்து மனம் கசந்துபோன வாலி, இனிச் சினிமா வேண்டாம், வேறு வேலைக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார். அந்த வேளையில் அவரைக் காண வந்த ஸ்ரீநிவாஸ், தாம் புதிதாகப் பாடியிருந்த ஒரு பாடலைப் பாடிக் காட்டினார். 1962இல் வெளிவந்த 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய ஆறுதல் பாடல் அது. அதைக் கேட்ட வாலி தம் முடிவை மாற்றிக்கொண்டார். மறு ஆண்டே, 1963இல், 'கற்பகம்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

கண்ணதாசனின் சொல்லுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் நினைத்துப் பாருங்கள். நொந்துபோய் உட்கார்ந்திருப்பவனிடம் உரத்த குரலில் தைரியம் சொன்னால், அது அதட்டலாகத்தான் கேட்கும். தோளில் கை வைத்துச் சொல்வதுபோல் சொன்னால்தான் உள்ளே இறங்கும். ஸ்ரீநிவாஸின் குரல் அந்தக் கையாக இருந்தது.

பிற்காலத்தில் வந்த ஜென்சியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1978இல் 'முள்ளும் மலரும்', 1980இல் 'ஜானி' என்று இளையராஜாவின் இசையில் அவர் பாடியவை எண்ணிக்கையில் குறைவே. கேரளத்தில் பள்ளி இசை ஆசிரியையாகப் பணியாற்றப் போய்விட்டார். ஆனாலும் அந்தச் சிறு குரலை இன்றும் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

மென்மை எளிதா?

மெல்லப் பாடுவது எளிது என்று யாராவது சொன்னால், ஒரு சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்த பாட்டில் ஒரு வரியை முதலில் உரக்கப் பாடட்டும். பிறகு அதே வரியை, அதே சுருதியில், தொட்டிலில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்ளாதபடி பாடட்டும். பாதி வரியிலேயே மூச்சு முட்டும், சுருதி இறங்கும், கடைசிச் சொல் தேய்ந்துபோகும். உரத்துப் பாடும்போது இந்தக் குறைகள் ஓசையில் மறைந்துவிடும். மெல்லப் பாடும்போது மறைய இடமில்லை. லகர, ளகர, ழகரம் கூட அப்பட்டமாகத் தெரியும். மூச்சைச் சிறுகச் சிறுக, சிக்கனக்காரி அரிசி அளப்பதுபோல் அளந்து விட வேண்டும். ஆகவே மென்குரல் என்பது வலுவில்லாத குரல் ஆகாது. வலுவைக் கையடக்கமாக வைத்திருக்கும் குரல் அது.

இதைத் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயாக்கொட்டகையில் தொட்டிலாட்டிய ஆயாவும், லயத்து வீட்டில் அடுத்த வீட்டாரின் தூக்கம் கலையாமல் தாலாட்டிய பாட்டியும் இக்கலையில் தேர்ந்தவர்கள்தாம். பலகைச் சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகிறது என்ற நினைப்பே அவர்களுக்குப் பயிற்சியாக இருந்தது.

குழந்தையின் குரலைக் கெடுக்காதீர்கள்

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீட்டுப் பிள்ளைகளின் பொருட்டுத்தான். பள்ளியிலும் கோவிலிலும் பாட்டுப் போட்டி நடக்கிறது. கூச்ச சுபாவமுள்ள ஒரு சிறுமி சுருதி தவறாமல், சொல் பிசகாமல் மெல்லப் பாடுகிறாள். "சத்தம் போதாது, சத்தமாகப் பாடு!" என்று நாலு பக்கமிருந்தும் குரல் எழுகிறது. அவள் கத்துகிறாள், சுருதி போகிறது, தொண்டை கட்டுகிறது. "எனக்குப் பாட வராது" என்று முடிவு கட்டி, அதோடு வாயை மூடிக்கொள்கிறாள். நல்ல குரல் ஒன்று முளையிலேயே கருகிவிடுகிறது.

பெற்றோர்களே, நடுவர்களே, அப்படிப்பட்ட பிள்ளையிடம் ஒலிவாங்கியைச் சற்று அருகில் கொண்டுபோய் வையுங்கள். சபையை அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து நின்று, வயிறு நிறைய மூச்சு இழுத்துப் பாடக் கற்றுக்கொடுங்கள். சத்தத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். சுருதிக்கும் உச்சரிப்புக்கும் உணர்ச்சிக்கும் போடுங்கள். ராஜாவும் ஸ்ரீநிவாஸும் சிறுவர்களாக நம் போட்டிக்கு வந்திருந்தால், நாம் அவர்களைத் தேர்ந்தெடுத்திருப்போமா என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. புல்வெட்டும் இயந்திரமும் தொழிற்சாலை இரைச்சலும் பகலெல்லாம் காதைத் துளைக்கின்றன. பேரோசையை நெடுநேரம் கேட்டால் செவி மந்தமாகும் என்பது மருத்துவர்கள் சொல்லும் உண்மை. வீட்டுக்கு வந்த பிறகாவது காதுக்கு ஓய்வு கொடுக்கலாமே! வானொலியிலோ கைப்பேசியிலோ பழைய பாடல் வரும்போது ஒலியைக் கூட்டாமல் குறையுங்கள். தொலைக்காட்சியை அணையுங்கள். பாடகர் எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லைத் தடவி விடுகிறார், அடி முடியும்போது குரலை எப்படி இறக்கி வைக்கிறார் என்று கவனியுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த இடம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள்.

மெல்லப் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்கப் பழகிய வீட்டில், மெல்லப் பேசுவதையும் காது கொடுத்துக் கேட்பார்கள். மனைவி ஒருமுறை சொன்னதை இரண்டாம் முறை உரக்கச் சொல்ல வேண்டியிராது. மூலையில் இருக்கும் தாத்தாவின் தளர்ந்த குரலும் யாருக்காவது எட்டும். அதற்காகவேனும், வரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மென்குரலுக்கு உங்கள் வீட்டில் இடம் கொடுங்கள்.