கண் பட்டதா, கரண்ட் போச்சா?

காலையில் ஆபீஸ் கிளம்பும்போது பார்த்தால், கடல்மீன் தொட்டியில் இரண்டு மல்லாந்து கிடக்கின்றன. ''எவன் கண்ணு பட்டுச்சோ!'' என்பார் அம்மா. கண்ணில்லை ஸார், பெரும்பாலும் அம்மோனியா!

செத்ததை உடனே எடுங்கள். அழுகினால் அம்மோனியா ஏறி, மிச்சத்தையும் கூடவே அழைத்துப் போய்விடும். கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஹைட்ரோமீட்டரில் 1.025, சூடு 26 டிகிரி என்றால் புதுத் தண்ணீரும் அப்படியே இருக்கணும். குளோரின் போகாத குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது.

ராத்திரி கரண்ட் போனால் மூச்சுக்காற்று குறையும். பேட்டரி ஏர்பம்ப் வாங்கி வையுங்கள். கொசு மருந்து அடித்தால் அந்தக் காற்றையும் பம்ப் உள்ளே தள்ளும், ஜாக்கிரதை!

முக்கியமாக, அன்றைக்கே புது மீன் வாங்க ஓடாதீர்கள். நான் ஓடினேன், மூன்றாம் நாள் அதுவும் போச்சு. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டட்டும். துக்க வீட்டில் உடனே கல்யாணமா வைப்பார்கள்?