செவப்பு ஏறிய கருவாடு

இடவப்பாதி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலையில் சாலைக்குக் கருவாடு வாங்கப் போயிருந்தேன். திருவனந்தபுரத்தில் சாலை என்றால் ரோடு அல்ல, சந்தை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய அங்காடி அது. கிழக்கேகோட்டைப் பக்கம் நுழைந்து கிள்ளிப்பாலம் நோக்கி நடந்தால் மலையாளத்துக்கு நடுவே தமிழும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஒரு சுறாத் துண்டைக் கையில் எடுத்தேன். கடைக்கார அண்ணாச்சி பிடுங்காத குறையாக வாங்கி ஓரமாகப் போட்டார். “அது வேண்டாம், செவப்பு ஏறிருக்கு.” உப்புப் பூத்த சதையின் மேல் ரோஜா நிறத்தில் ஒரு தீற்றல், குங்குமக் கையை யாரோ துடைத்ததுபோல. தொட்டால் பிசுபிசுத்தது. “உப்பு பத்தாம உணத்தியிருக்கானுவ” என்றார்.

இருக்கிற கருவாட்டையெல்லாம் முகர்ந்தே தரம் பிரிக்கிறவர் அவர். ஆனாலும் இந்தக் கணிப்பு தப்பு. அந்தச் சிவப்பு, உப்பு குறைந்ததால் வந்ததல்ல. உப்போடு வந்தது.

மாங்காய்க் கீற்றில் உப்பைத் தூவிவைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விடுகிறதல்லவா? கெட்டுப்போக வைக்கும் கிருமிகளுக்கும் அதே கதிதான். உடம்பிலுள்ள நீரை உப்பு வெளியே இழுக்க, அவை வாடி முடங்கிப்போகும். கருவாடும் ஊறுகாயும் நிற்பது இந்த ஒரு தந்திரத்தில். ஆனால் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்ப் பார்த்தால் வேறொரு காட்சி. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம். அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைக்க, உப்பு படியும் கடைசிப் பாத்தியில் அது 25 சதவீதத்தைத் தாண்டிவிடும். மீன், சாதாரணப் பாசி, சாதாரணக் கிருமி எதுவும் பிழைக்க முடியாத அந்த நீர், வெறிச்சோடிக் கிடக்காமல் இளஞ்சிவப்பாக மாறுகிறது. ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் கோடிக்கணக்கில் உயிர்கள். அந்தச் சிவப்பு வெயிலின் சூட்டை வாங்கி நீரைச் சீக்கிரம் ஆவியாக்கவும் செய்கிறது. உப்பு விளைவதில் அவற்றுக்கும் ஒரு பங்குண்டு.

ஹாலோபாக்டீரியம் என்பது இவற்றில் பேர்பெற்ற ஒன்று. பெயரில் பாக்டீரியா இருந்தாலும் அது பாக்டீரியா அல்ல. 1977-இல் கார்ல் வோஸ் தனிக் குலமாகப் பிரித்துக் காட்டிய ஆர்க்கியா வகையைச் சேர்ந்தது. வெளியே சோடியம் உப்பு நெருக்குகிறதா, இது தன் உள்ளே பொட்டாசியம் உப்பை அதே அளவுக்கு நிரப்பிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் கனம் சமமானதால் நீர் வெளியேற வழியில்லை. அவ்வளவு உப்பில் நம் புரதங்கள் திரிந்த பால்போல ஆகிவிடும். இதன் புரதங்களோ மேலெல்லாம் எதிர்மின்னூட்டத்தைச் சுமந்து, நீரைத் தங்களோடு இறுகப் பிடித்துவைத்திருக்கின்றன. உப்பு இல்லாமல் அவற்றுக்கு வடிவமே நிற்காது. நாம் குடிக்கும் நல்ல தண்ணீரில் போட்டால் இந்த உயிர் உடைந்து சிதறிவிடும். அதற்கு விஷம் அதுதான்.

இன்னொரு வித்தையும் இதற்குத் தெரியும். ஆக்சிஜன் குறைந்துபோனால் வெயிலைப் பிடித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். அதுவும் இலைப் பச்சையம் இல்லாமல். நம் கண்ணில் ஒளியை உணரும் ரெடினால் என்ற மூலக்கூறையே ஒரு ஊதாப் புரதத்துக்குள் வைத்திருக்கிறது. 1971-இல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கனியஸ் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். ஹாலோபாக்டீரியத்தின் உறவு ஒன்று சதுர வடிவம், தபால்தலைபோலத் தட்டை. 1980-இல் சினாய் பாலைவன உப்புக்குட்டையில் ஆன்டனி வால்ஸ்பி அதைப் பார்த்துச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்த்தெடுக்க 2004 வரை ஆயிற்று.

சரி, உப்பளத்துச் சிவப்பு சுறாத் துண்டுக்கு எப்படி வந்தது? 1878-இல் அமெரிக்காவின் க்ளாஸ்டர் துறைமுகத்திலும் இதே புகார் எழுந்தது. உப்பிட்ட காட் மீன் கோடையில் சிவந்துபோகிறது. வில்லியம் ஃபார்லோ என்ற தாவரவியலாளர் துப்புத் துலக்கப் போய், மீனை விட்டுவிட்டு உப்பைச் சோதித்தார். ஸ்பெயினின் காதிஸிலிருந்து கப்பலில் வந்த உப்பிலேயே சிவப்பு இருந்தது. கல்லுப்பு படியும்போது அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகள் சிக்கிக்கொள்ளும். ஒரு பரலை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பால்போல மங்கித் தெரிவது இவற்றால்தான். அந்தத் துளிகளுக்குள் ஹாலோபாக்டீரியம் பல காலம் சாகாமல் கிடக்கும்.

மிச்சத்தை மழைக்காலம் பார்த்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். திருவனந்தபுரத்து மழை மாதங்களில் அதற்குப் பஞ்சமில்லை. கசிந்த உப்புநீர் கருவாட்டின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். விரல்கடை அகலத்தில் ஒரு உப்பளம், கூடவே தின்ன மீன் புரதம். இந்தச் சிவப்பு மனிதருக்கு நோய் தந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மீனை நொதநொதப்பாக்கி நாற வைக்கும், வேறு கெடுதல்களும் கூடவே வரலாம். ஒதுக்கிப் போடுவதுதான் சரி. இதைத் தடுக்க, ரொட்டியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் கால்சியம் புரோபியோனேட்டை நல்ல தூளுப்போடு கலந்து தூவுவதுண்டு.

உணவைக் காக்க நாம் எந்தக் கோட்டை கட்டினாலும் அதற்குள் குடியேற ஒன்று இருக்கும்போல. 1956-இல் அமெரிக்காவின் ஓரிகனில், டப்பா இறைச்சியில் எல்லாக் கிருமியும் சாகும்படி காமாக் கதிரைப் பாய்ச்சினார்கள். ஆன பிறகும் ஒரு டப்பா கெட்டது. உள்ளே இருந்தது டைனோகாக்கஸ் என்ற பாக்டீரியா. மனிதரைக் கொல்லும் கதிரைப்போல ஆயிரம் மடங்கைத் தாங்கக்கூடியது.

அடுத்த வாரம் இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்போ கல்லுப்புக்குள்ள உசுரு இருக்குங்கீங்க.”

“ஆமா அண்ணாச்சி.”

எதிர்ச் சாரியில் இருக்கும் மளிகைக் கடையைப் பார்த்துச் சிரித்தார். “அவரு சுத்த சைவம். எங்கடை வாடைக்கே மூக்கப் பொத்துவாரு. அவருகிட்ட போய்ச் சொல்லிராதீங்க.”